பழைய காரின் எஞ்சினை அடையாளம் காண்பது



பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கி, அதைச் செப்பனிட்டு, முன்னிலும் விரைவாக ஓடும்படி செய்ய வேண்டும் என்னும் ஆசை இளைஞர் பலருக்கு உண்டு. பொறியியல் படிக்கும் மாணவர்களிடம் அந்த ஆசை சற்று மிகுதியாகவே காணப்படுகிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. புத்தகத்தில் படித்த விசையும் வெப்பமும் கைக்கு எட்டும் இரும்பாக முன்னே நிற்கும்போது படிப்புக்கே ஒரு தனிச் சுவை உண்டாகிறது. ஆனால் இந்த வேலையில் இறங்குவோர் பெரும்பாலும் முதற்கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். "இதன் வேகத்தை எப்படிக் கூட்டுவது?" என்பது இரண்டாவது கேள்வி. "என் கையில் இருப்பது எது?" என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை காணும் முறையைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நாம் எல்லோரும் அறிந்த அம்பாசிடர் காரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957-இல் இதைச் செய்யத் தொடங்கியது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தொழிற்சாலையில் வேலை நின்றது. இடைப்பட்ட 57 ஆண்டுகளில் காரின் வெளித்தோற்றம் சிறிதளவே மாறியது. முன்புறக் கம்பிச் சட்டமும் விளக்குகளும் மாறின. உடல் ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. ஆனால் பானெட்டுக்கு உள்ளே இருந்த எஞ்சின் பலமுறை மாறிற்று. ஒரே சட்டையை அணிந்த ஐந்து சகோதரர்களை இருட்டில் பெயர் சொல்லி அழைப்பது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் வெளியே நின்று ஓர் அம்பாசிடரின் எஞ்சினைச் சொல்வது.

அந்த ஐவர் யாவர் என்பதை முதலில் பார்ப்போம். தொடக்ககால வண்டிகளில் 1476 சி.சி. கொள்ளளவுள்ள பக்க வால்வு எஞ்சின் இருந்தது. 1959-இல் அதன் இடத்துக்கு 1489 சி.சி. மேல் வால்வு எஞ்சின் வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் புகழ்பெற்ற 'பி' வரிசையைச் சேர்ந்தது இது. 1980-ஐ ஒட்டி, அதே 'பி' வரிசையின் 1489 சி.சி. டீசல் எஞ்சின் வந்து சேர்ந்தது. 1990-களில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் வடிவமைப்பில் 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், பின்னர் 1995 சி.சி. டீசல் எஞ்சினும் வந்தன. 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சினோடு ஐந்து வேகக் கியர் பெட்டியும் வந்தது. அதற்கு முந்திய வண்டிகளில் இருந்தவை நான்கு வேகப் பெட்டிகள். அவற்றின் கியர்க்கம்பு ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலேயே இருந்தது.

"பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடாதோ?" என்று நீங்கள் கேட்கலாம். பதிவுப் புத்தகம் வண்டி பிறந்தபோது எப்படி இருந்தது என்பதைச் சொல்லும். அது பிறந்த பின் பட்டறைகளில் பட்ட பாடுகளை முழுவதும் சொல்லாது. டீசல் மலிவாக விற்ற காலத்தில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்ட வாடகைக் கார்கள் எத்தனையோ. அப்படிக் கழன்ற எஞ்சின்கள் வேறு வண்டிகளுக்குப் போயின. ஒன்றின் மேல்மூடியும் மற்றொன்றின் அடிப்பாகமும் கூடி மூன்றாவதாக ஓர் எஞ்சின் உருவாவதும் உண்டு. ஆகவே விற்பவர் சொல்லும் பெயரும், தகட்டிலுள்ள எண்ணும், காகிதத்திலுள்ள எழுத்தும் ஆகிய மூன்றும் சாட்சிகளே. சாட்சிகளை விசாரிக்க வேண்டும். தீர்ப்பை இரும்பிடம்தான் கேட்க வேண்டும்.

விசாரணையைக் கண்ணிலிருந்து தொடங்கலாம். பக்க வால்வு எஞ்சினில் வால்வுகள் சிலிண்டர்களின் பக்கத்தில் நிற்கின்றன. ஆதலால் அதன் தலைப்பாகம் ஒரு தட்டையான மூடி போலிருக்கும். மேலே வால்வுகளை மறைக்கும் தகரப் பெட்டி இராது. மேல் வால்வு எஞ்சினில் நீண்ட தகர மூடி ஒன்று உச்சியில் இருக்கும். 'பி' வரிசைப் பெட்ரோல் எஞ்சினுக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே செல்லும் வழியும், எரிந்த புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தில் ஐந்து வாய்கள் உண்டு: இரண்டு உள்ளே விடுபவை, மூன்று வெளியே விடுபவை. இசுசு பெட்ரோல் எஞ்சினிலோ ஒரு பக்கம் உள்வழி, எதிர்ப்பக்கம் வெளிவழி. அதன் வால்வுகளை இயக்கும் தண்டும் தலைப்பாகத்திலேயே இருக்கிறது. டீசல் எஞ்சினைக் காண்பது இன்னும் எளிது: தீப்பொறி பிளக்குகள் இருக்கவேண்டிய இடத்தில் எண்ணெயைப் பீய்ச்சும் குழாய்கள் வந்து இறங்கும்.

கண்ணுக்குப் பிறகு கை. எந்த ஸ்பானர் எந்தப் போல்ட்டில் பொருந்துகிறது என்பதே ஒரு தடயம். 'பி' வரிசை அங்குலக் கணக்கில் பிறந்தது. இசுசு மில்லிமீட்டர்க் கணக்கில் பிறந்தது. ஒரே எஞ்சினில் இருவகைப் போல்ட்டுகளும் கலந்து வந்தால், அது பல கைகள் மாறியது என்று கொள்ளுங்கள்.

அடுத்தது எண். பிரிட்டனில் செய்யப்பட்ட 'பி' எஞ்சின்களில் எண்ணின் முன்னொட்டே ஒரு சிறு வரலாறு. எம்.ஜி. என்னும் விளையாட்டுக் காரின் எஞ்சினில் '18ஜிபி-யு-எச்' என்று இருந்தால், 18 என்பது 1800 சி.சி. அளவைக் குறிக்கும், 'ஜி' எம்.ஜி.யைக் குறிக்கும், 'பி' அதன் உட்பிரிவைச் சொல்லும். 'யு' என்பது நடுத்தரையில் அமைந்த கியர்க்கம்பு. 'எச்' என்பது உயர்ந்த அழுத்த விகிதம். 'எச்' இருக்கும் இடத்தில் 'எல்' இருந்தால் தாழ்ந்த அழுத்தம். ஓர் எழுத்து மாறினால் பிஸ்டன் மாறிற்று என்று பொருள். ஆனால் இந்த எண் ஒரு தனித் தகட்டில் பொறிக்கப்பட்டு, ஆணியால் எஞ்சினோடு அறையப்பட்டிருந்தது. தகட்டைப் பெயர்த்து வேறோர் எஞ்சினில் அறைய ஒரு சுத்தியலும் கால் மணி நேரமும் போதும். இரும்பை வார்க்கும்போதே எழும்பிய எழுத்துக்களை அப்படி மாற்ற முடியாது. எனவே தகட்டையும் வார்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி அளவுக்கு வருவோம். மாணவர்களாகிய நீங்கள் மகிழக்கூடிய பகுதி இதுதான். சிலிண்டரின் குறுக்களவும், பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமும் தெரிந்தால் எஞ்சினின் கொள்ளளவு தெரியும். உருளையின் கன அளவைக் காணும் பள்ளிக் கணக்கே அது. 'பி' வரிசையின் 1489 சி.சி. எஞ்சினுக்குக் குறுக்களவு 73.025 மில்லிமீட்டர், பிஸ்டனின் நகர்ச்சி 88.9 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலம். அதே வரிசையில் 1622 சி.சி. எஞ்சினும் உண்டு, 1798 சி.சி. எஞ்சினும் உண்டு. அவற்றிலும் நகர்ச்சி அதே 88.9 தான். குறுக்களவு மட்டும் 76.2 ஆகவும், ஏறத்தாழ 80.26 ஆகவும் வளர்ந்திருக்கிறது. இசுசுக் குடும்பத்தில் இதற்கு நேர்மாறு. 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கும் 1995 சி.சி. டீசல் எஞ்சினுக்கும் குறுக்களவு ஒன்றே: 84 மில்லிமீட்டர். நகர்ச்சிதான் 82-லிருந்து 90 ஆகிறது. ஆகவே ஒரு குடும்பத்தில் குறுக்களவு பேசும். மற்றொரு குடும்பத்தில் நகர்ச்சி பேசும். இரண்டையும் அளந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சற்றுப் பெரிய பிஸ்டனைப் போடுவது பட்டறை வழக்கம். 73.025 இருக்கவேண்டிய இடத்தில் 74.04 கண்டால், அதைப் புதுவகை எஞ்சின் என்று எண்ணிவிடக்கூடாது. அது அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு குடையப்பட்ட பழைய 1489 தான். இப்போது அதன் கொள்ளளவு ஏறக்குறைய 1531 சி.சி.

"இவ்வளவு நுணுக்கம் எதற்கு? எல்லாம் 'ஆயிரத்தைந்நூறு எஞ்சின்' தானே?" என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்னும் விளையாட்டுக் காரில் இருந்தது இதே 1489 சி.சி. 'பி' எஞ்சின். இரட்டைக் கார்ப்புரேட்டரும் உயர்ந்த அழுத்தமும் கொண்டு அது முதலில் 68 குதிரைத்திறனும், பின்பு 72-உம் கொடுத்தது. நம் குடும்பக் காரில் அதே எஞ்சின் ஏறக்குறைய 50 தான் கொடுத்தது. 1962-இல் வந்த எம்.ஜி.பி. காரோ 1798 சி.சி. எஞ்சினால் ஏறக்குறைய 95 குதிரைத்திறன் பெற்றது. இதைப் படித்த இளைஞன் என்ன நினைப்பான்? "நகர்ச்சி ஒன்றாகத்தானே இருக்கிறது, என் 1489-ஐக் குடைந்து 1798 ஆக்கிவிடலாம்" என்று நினைப்பான். கணக்கு சரி, இரும்பு இடம் கொடாது. 1798-இன் அடிப்பாகம் வேறாக வார்க்கப்பட்டது. அதில் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்படி அமைக்கப்பட்டன. 1489-இல் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் குடையப் போனால் சுவர் கிழிந்து குளிர்நீர் ஓடும் வழியில் போய் முட்டும். அத்துடன் அந்த எஞ்சினின் ஆயுள் முடிந்தது.

மற்றோர் அபாயம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. 1489 எஞ்சினின் கிராங்க் தண்டை மூன்று பேரிங்குகள் மட்டுமே தாங்குகின்றன. 1962-இன் 1798 எஞ்சினும் மூன்றோடுதான் பிறந்தது; 1964-இல் அது ஐந்தாக்கப்பட்டது. இசுசு பெட்ரோல் எஞ்சினுக்கு ஐந்து. நீண்ட தண்டு குறைந்த தாங்கல்களோடு மிக விரைவாகச் சுழன்றால் நடுவே வளையப் பார்க்கும். பிஸ்டனின் சராசரி வேகத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 5000 சுற்றில் 88.9 மில்லிமீட்டர் நகர்ச்சியுள்ள பிஸ்டன் நொடிக்கு ஏறக்குறைய 14.8 மீட்டர் ஓடுகிறது. 6000 சுற்றில் அது 17.8 மீட்டர். 82 மில்லிமீட்டர் நகர்ச்சியுள்ள இசுசு பிஸ்டன் 5000 சுற்றில் ஓடுவது 13.7 மீட்டர்தான். ஒரே சுற்று எண்ணிக்கை இருவருக்கும் ஒரே சுமை அன்று. தன்னிடம் இருப்பது எது என்று அறியாதவன் எந்த எல்லையில் நிறுத்துவது என்பதையும் அறியான்.

அழுத்த விகிதத்தையும் அளந்தே அறியலாம். 1489-ஐ நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 372 சி.சி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேல் எஞ்சும் இடத்தை, பியூரெட்டால் மெல்லிய எண்ணெய் விட்டு அளக்க வேண்டும். அந்த இடம் 60 சி.சி. என்று வைத்துக்கொண்டால், 372-உம் 60-உம் கூட்டி 60-ஆல் வகுக்க, விகிதம் 7.2. அதே இடம் 50 சி.சி. ஆனால் விகிதம் 8.4 ஆகிவிடும். பத்து சி.சி. எண்ணெயில் எஞ்சினின் குணமே மாறுகிறது. உங்கள் இரசாயனக் கூடத்துப் பியூரெட் மோட்டார்ப் பட்டறையிலும் பயன்படும் என்பது பலருக்குத் தெரியாது.

இனிக் கியர் பெட்டி. எஞ்சினைக் காட்டிலும் இது அடக்கமானது. தன்னைப் பற்றி எளிதில் சொல்லாது. ஆனால் எண்ணத் தெரிந்தவனிடம் அதற்கு இரகசியம் இல்லை. பெட்டியை மேசைமேல் வைத்து, முதற் கியரில் இட்டு, பின்தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு முன்தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். எம்.ஜி.பி.யின் முற்காலப் பெட்டியில் முதற் கியர் 3.64, 1967-க்குப் பின் வந்த பெட்டியில் அது 3.44. ஒரே சுற்றுக்கு எண்ணினால் இவ்விரண்டின் வேறுபாடு கண்ணுக்குத் தப்பும். பின்தண்டைப் பத்துச் சுற்றுச் சுற்றினால் 36.4-உம் 34.4-உம் வரும், இரண்டு முழுச் சுற்று வேறுபாட்டைக் குழந்தையும் காணும். பிழையைப் பத்தால் வகுக்கும் இந்த முறை, ஊசலின் வீச்சு நேரத்தை அளக்க நீங்கள் கையாளும் முறையே.

நான்காம் கியரில் முன்தண்டும் பின்தண்டும் ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்றும். ஐந்தாம் கியர் இருந்தால், பின்தண்டு முன்தண்டைக் காட்டிலும் விரைவாகச் சுற்றும். அதனால் நெடுஞ்சாலையில் எஞ்சினுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆனால் பெட்டி நல்லது என்பதால் மட்டும் அது நம் எஞ்சினோடு சேர்ந்துவிடாது. முன்தண்டின் வரிப்பற்கள் கிளச் தட்டின் பற்களோடு எண்ணிக்கையிலும் அளவிலும் ஒத்திருக்க வேண்டும். தண்டின் நுனி கிராங்கின் முடிவிலுள்ள சிறு துளையில் பொருந்த வேண்டும். 'பி' குடும்பத்துக்குள்ளேயே மூன்று பேரிங் எஞ்சினுக்கும் ஐந்து பேரிங் எஞ்சினுக்கும் அந்த நுனி மாறுபடும். இதைப் பாராமல் போல்ட்டை முறுக்கி இழுத்துப் பொருத்தினால் உடைவது பேரிங்கோ பெட்டியோ, இரண்டில் ஒன்று உறுதி.

பின்னச்சின் விகிதத்தையும் எண்ணித்தான் அறிய வேண்டும். எம்.ஜி.ஏ.யில் 10 பல்லுக்கு 43 பல், அதாவது 4.3, எம்.ஜி.பி.யில் 11 பல்லுக்கு 43 பல், அதாவது ஏறக்குறைய 3.9. ஒரு பல்லின் வேறுபாடு காரின் போக்கையே மாற்றும். ஒரு சுற்றில் இரண்டு மீட்டர் உருளும் சக்கரம் என்று கொண்டால், மேல் கியரில் எஞ்சின் 1000 சுற்றுச் சுற்றும்போது முதலாவது 28 கிலோமீட்டர் வேகமும், இரண்டாவது ஏறக்குறைய 31 கிலோமீட்டர் வேகமும் தரும். எண்ணும்போது ஒரு செய்தியை மறக்கலாகாது. ஒரு பின்சக்கரம் தரையில் அசையாமல் இருக்க, மற்றொன்றை மட்டும் தூக்கிச் சுற்றினால், டிஃபரென்ஷியலின் இயல்பால் நடுத்தண்டு பாதியே சுற்றும். ஆகவே தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி எண்ண வேண்டும்.

இந்த முறையால் விளைந்த நன்மைக்கு நான் கண்ட ஒரு சான்று சொல்கிறேன். நான் பாடம் சொல்லிக்கொடுத்த கல்லூரிப் பட்டறைக்கு மூன்று மாணவர்கள் ஒரு மார்க் இரண்டு அம்பாசிடரைக் கொண்டுவந்தார்கள். "ஐயா, இது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது, யாரும் எஞ்சினைத் திறந்ததில்லை" என்றார்கள். விற்றவர் அப்படிச் சொல்லியிருந்தார். பழைய இரும்புக் கடையிலிருந்து ஐந்து வேகக் கியர் பெட்டி ஒன்றையும் வாங்கி வந்திருந்தார்கள். சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவது அவர்கள் திட்டம். பிஸ்டனுக்குப் பணமும் சேர்த்துவிட்டார்கள். "பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள்" என்றேன்.

அளந்தார்கள். நகர்ச்சி 88.9 வந்தது, எஞ்சின் 'பி' குடும்பமே. குறுக்களவோ 74.55 வந்தது. யாரும் திறக்காத எஞ்சின் ஏற்கெனவே ஆயிரத்தில் 60 பங்கு குடையப்பட்டிருந்தது. மேலும் குடைய அதில் சதை இல்லை. கியர் பெட்டியின் போல்ட்டுகள் மில்லிமீட்டர்க் கணக்கு. அதன் முன்தண்டு கிளச் தட்டில் நுழையவே இல்லை. மூவருக்கும் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த வாட்டம் இரண்டு நாளில் தீர்ந்தது. என்ன இருக்கிறது என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். சிலிண்டர்களுக்குப் புதிய லைனர் இட்டுப் பழைய 73.025 அளவுக்கே கொண்டுவந்தார்கள். கிராங்கையும் பிஸ்டன்களையும் எடை சமப்படுத்தினார்கள். அழுத்தத்தை எட்டுக்கு உயர்த்தி, 4500 சுற்றுக்கு மேல் போவதில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். ஐந்து வேகப் பெட்டியை, அதற்குரிய எஞ்சின் வைத்திருந்த ஒருவருக்கு விற்றார்கள். கார் பந்தயக் குதிரையாகிவிடவில்லை. ஆனால் மலைப்பாதையில் முன்போல் இளைக்காமல் ஏறிற்று. சேர்த்த பணத்தில் பாதி மீதியும் ஆயிற்று.

அந்த மீதியை எதற்குச் செலவிட்டார்கள் தெரியுமா? பிரேக்குக்கு. பழைய அம்பாசிடர்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடிய கார் 100-இல் ஓடினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் நிறுத்தவேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. ஓட்டும் வலிமையைக் கூட்டுபவன் நிறுத்தும் வலிமையை முதலில் கூட்ட வேண்டும். சட்டமும் ஒன்று உண்டு. எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியைக் கண்டபடி மாற்றுவதைத் தடுக்கிறது. எஞ்சினை மாற்ற நினைப்போர் பதிவு அலுவலகத்தை முதலில் கலந்துகொள்ள வேண்டும். எண் பொருந்தாத எஞ்சின் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். விரைந்து ஓட்டும் ஆசைக்குப் பொதுச் சாலை இடமன்று. அதற்கென்று சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதையே இருக்கிறது.

நண்பர்களே, ஒரு பொருளுக்கு நாம் இட்ட பெயர் வேறு. அந்தப் பொருள் வேறு. பெயர் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்கு மாறும்போது திரியும். அளவு திரிவதில்லை. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் முன்னோர் சொன்னது வீணாகப் போகும் பொருளுக்கே அளவு வேண்டும் என்றால், உயிர்கள் ஏறிச் செல்லும் வண்டிக்கு எவ்வளவு வேண்டும்! உத்தரபாராவிலிருந்து இனிப் புதிய அம்பாசிடர் வரப்போவதில்லை. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பழைய எஞ்சினும், அவசரத்தில் ஒருமுறை கெட்டால் அத்தோடு ஒன்று குறைந்தது. உங்களில் யாரேனும் அப்படிப்பட்ட ஒரு வண்டியின் பானெட்டைத் திறக்க நேர்ந்தால், ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஓர் அளவுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதற் பக்கத்தில் விற்றவர் சொன்னதை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் நீங்கள் அளந்ததை எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒத்தால் மகிழ்ச்சி. ஒவ்வாவிட்டால், இரண்டாவது பக்கத்தை நம்பி வேலையைத் தொடங்குங்கள்.